ஒரு வருஷமாகக் கரிசல் காட்டில்தான் இருக்கிறேன்

போன வருஷம் என்ன படித்தீர்கள், இப்போது கையில் என்ன இருக்கிறது, அடுத்து என்ன எடுக்கப் போகிறீர்கள், பட்டியல் போட்டால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போட்டால் பத்துப் பெயர்தான் வரும். ஆனால் அதில் பெரும்பாலானவை ஒரே மண்ணைப் பற்றியவை, ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்கிற மாதிரி எழுதப்பட்டவை, அதனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முன்பெல்லாம் கைக்கு எது கிடைக்கிறதோ அதைப் படிப்பேன். புத்தகக் காட்சியில் வாங்கியது, நண்பர் கொடுத்தது, நூலகத்தில் கண்ணில் பட்டது, எல்லாம் கலந்து கிடக்கும். படித்து முடித்து ஆறு மாதம் கழித்து யோசித்தால் ஒரு காட்சி, ஒரு பெயர் அவ்வளவுதான் தங்கியிருக்கும். போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு முடிவு எடுத்தேன். ஒரு நிலப்பகுதியை எடுத்துக்கொள்வது, அங்கே பிறந்தவர்கள் எழுதியதை அடுத்தடுத்துப் படிப்பது, முடியும்வரை வேறு பக்கம் போகக்கூடாது. எடுத்துக்கொண்டது கோவில்பட்டியைச் சுற்றியிருக்கிற கரிசல், கருப்பு மண் பூமி. இடைசெவல், கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று ஒரு நாளில் பஸ்ஸில் சுற்றி வந்துவிடக்கூடிய வட்டம்தான் அது. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் சாகித்திய அகாதெமி வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள்: 1970-ல் கு. அழகிரிசாமி, 1991-ல் கி. ராஜநாராயணன், 2008-ல் மேலாண்மை பொன்னுச்சாமி, 2014-ல் பூமணி, 2019-ல் சோ. தர்மன். மழை சரியாகப் பெய்யாத ஒரு பூமியில் இத்தனை பேர்.

நான் பிறந்தது கும்பகோணத்துக்குப் பக்கத்தில். எங்களுக்கு விவசாய வருஷம் என்றால் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-ல் ஆரம்பிக்கும், தண்ணீர் வாய்க்காலில் வரும், வந்து சேராவிட்டால் சண்டை நடக்கும். கரிசலில் அப்படி இல்லை, புரட்டாசி மழை வரும் என்று நம்பி, வருவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கல்யாணமாகி மனைவியின் ஊருக்கு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், போக வர ஆரம்பித்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. இருபது வருஷமாகப் போய் வருகிறேன், ஆனாலும் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது போன வருஷம் படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

முதலில் எடுத்தது கி.ரா.வின் சிறுகதைகள். புதிதாக ஆரம்பிக்கிற யாருக்கும் நான் சொல்வது 'கதவு' கதையைத்தான். ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக வைத்து, டிக்கெட் கொடுத்து, ஆட்டி ஆட்டி விளையாடுகிறார்கள். தெருவில் கிடைத்த ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கொண்டுவந்து அந்தக் கதவில் ஒட்டி அழகு பார்க்கிறார்கள். தீர்வை கட்டவில்லை என்று ஒரு நாள் வந்து அந்தக் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் வருவது பனிக்காலம், வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை உரத்துப் பேசுவதில்லை, ஒரு கதவு இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுபத்து நாலு வயது, மூன்றாம் வகுப்பு வரை படித்தவர், கண்ணில் புரை எடுத்த பிறகு எழுத்தைப் பார்த்தால் கண்ணீர் வருகிறது என்பார். சனிக்கிழமை மதுரையிலிருந்து போனால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிக்க அவர் கேட்பார், அப்படி ஒரு பழக்கம் இந்த வருஷம் வந்துவிட்டது. தீப்பெட்டிப் படம் என்று வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பத்து வயசிலிருந்து பதினெட்டு வயசுவரை தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர் அவர். அச்சு சரியாக விழாத லேபிளைக் கணக்குப்பிள்ளை கீழே போட்டால் பிள்ளைகள் அடித்துக்கொண்டு பொறுக்குவார்களாம், சோற்றுப் பருக்கையைத் தேய்த்துச் சுவரில் ஒட்டுவார்களாம். "மாப்ளே, கதவுன்னு இல்ல, அண்டா இருந்தா அண்டாவத் தூக்கிட்டுப் போவாக" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அன்றைக்கு வேறு கதை வாசிக்கவில்லை.

அதற்கடுத்து 'கோபல்ல கிராமம்', 1976-ல் வந்த நாவல். ஆந்திரத்திலிருந்து ராஜாவுக்குப் பயந்து இரவோடு இரவாகக் கிளம்பி வந்த கம்மவார் குடும்பங்கள், தெற்கே வந்து காட்டை அழித்து ஊர் உண்டாக்கிய கதை. நூறு வயதைத் தாண்டிய ஒரு பூட்டி, மங்கத்தாயாரம்மாள், உட்கார்ந்துகொண்டு அந்தப் பழைய கதையைச் சொல்லச் சொல்ல வீட்டில் உள்ளவர்கள் கேட்கிறார்கள். காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்குகிற பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். நாவல் என்றால் ஒரு நாயகன், அவனுக்கு ஒரு சிக்கல், அது தீரவேண்டும் என்று எதிர்பார்த்துப் போனால் இதில் கிடைக்காது, ஊர்தான் இதில் ஆள். இதன் தொடர்ச்சி 'கோபல்லபுரத்து மக்கள்', சாகித்திய அகாதெமி கிடைத்தது அதற்குத்தான். எனக்கு என்னவோ முதல் புத்தகத்தில் இருக்கிற அந்த மூச்சு இரண்டாவதில் அவ்வளவு இல்லை என்று பட்டது.

இடைசெவலிலிருந்து இன்னொருவர், கு. அழகிரிசாமி. கி.ரா.வும் இவரும் ஒரே ஊர், கிட்டத்தட்ட ஒரே வயது, இளமையிலிருந்து நண்பர்கள், சங்கீதப் பைத்தியம் இரண்டு பேருக்கும் உண்டு. அழகிரிசாமி முதலில் எழுத வந்தார், சென்னைக்குப் போனார், மலேசியாவில் 'தமிழ் நேச'னில் வேலை பார்த்தார், திரும்பி வந்தார், 1970-ல் நாற்பத்தாறு வயதில் போய்விட்டார். கி.ரா. ஐம்பதுகளின் கடைசியில்தான் எழுத ஆரம்பித்தார், 2021 வரை வாழ்ந்தார். ஒரே தெருவில் ஓடித் திரிந்த இரண்டு பையன்களில் ஒருவருக்கு இன்னொருவரைவிட ஐம்பது வருஷம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே இருக்கின்றன, கதைகளை முடித்துவிட்டு அதை எடுங்கள், முன்னால் எடுக்க வேண்டாம். கதைகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் பழ. அதியமான் பதிப்பித்து காலச்சுவடு வெளியிட்ட முழுத் தொகுப்பு இருக்கிறது, அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.

புத்தகம் வாசிக்கிற ஆள் ஒவ்வொருவரும் 'அன்பளிப்பு' கதையைப் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். புத்தகங்களும் குழந்தைகளும் சூழ்ந்த ஒரு மனிதர், பத்திரிகையில் வேலை பார்ப்பவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவரிடம் ஓடி வருவார்கள், அலமாரியைக் கலைப்பார்கள், புத்தகம் கேட்பார்கள். அவர் பிள்ளைகளில் சிலருக்கு டைரி கொடுக்கிறார், பெயர் எழுதி, அன்பளிப்பு என்று எழுதி. சாரங்கன் என்று ஒரு பையன், சாது, தானாகக் கேட்கத் தெரியாதவன், அவனுக்குக் கிடைக்கவில்லை. அவர் வேண்டும் என்று விட்டதில்லை, நினைப்பில் அவன் வரவில்லை. அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உபசரித்து, கடைசியில் தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயரைப் போட்டு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். நான் இதை முதலில் படித்தது கல்லூரியில் இருக்கும்போது, அப்போது சாரங்கனுக்காக வருத்தப்பட்டேன். இப்போது படிக்கும்போது அந்தப் பெரியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருக்கிற நிலைமைதான் தொண்டையை அடைக்கிறது. நமக்குத் தெரியாமலே நாம் விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்.

இதுவரை சொன்னது படித்து முடித்ததில் ஒரு பாதி. இந்தப் பாதியோடு நிறுத்தியிருந்தால் நான் கரிசலைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருப்பேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொல்ல வருகிற முக்கியமான விஷயமே இதுதான்.

'கோபல்ல கிராமம்' முடித்த கையோடு பூமணியின் 'பிறகு' நாவலை எடுத்தேன், 1979-ல் வந்தது. முதல் நாவலில் காட்டை அழித்து நிலம் உண்டாக்குகிறார்கள், இரண்டாவதில் நிலமெல்லாம் ஏற்கெனவே யாருக்கோ சொந்தமாக இருக்கிறது. கமலையில் தண்ணீர் இறைக்கிற காலத்தில் தோல் வேலை தெரிந்த ஆள் இல்லாமல் ஒரு ஊரும் விவசாயம் பண்ண முடியாது, கிணற்றுக்குள் போய் வருகிற கூனை தோலோடு சேர்ந்தது, கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும், செருப்புக்கும் ஆள் வேண்டும். அப்படி மணலூத்து என்ற ஊருக்கு வந்து சேருகிற அழகிரி என்ற சக்கிலியரின் குடும்பக் கதை அது. சுதந்திரம் வருகிறது, தேர்தல் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, ஒவ்வொன்றும் அந்தக் குடும்பத்தின் வாசலுக்கு வரும்போது எவ்வளவு சின்னதாகி வருகிறது என்று பூமணி காட்டுகிறார். கோபத்தைக் காட்டி எழுதவே இல்லை. பேச்சும் கிண்டலும் வேலையுமாகத்தான் நாவல் போகிறது, படிக்கிற நமக்குத்தான் கோபம் வருகிறது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் எனக்கு ஒன்று நடந்தது. கி.ரா.வின் நாவலில் நான் ரசித்து ரசித்துப் படித்த அந்த ஊர் விருந்து, தொழுவு நிறைய மாடு, குலுக்கை நிறையத் தானியம் எல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது, அந்தத் தொழுவைக் கூட்டியது யார், அந்த மாடு செத்தால் தூக்கிக்கொண்டு போனது யார் என்று கேட்கத் தோன்றியது. இதனால் கி.ரா. எனக்குச் சின்னவராகிவிடவில்லை. அவர் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்து எழுதினார், அந்தத் திண்ணையிலிருந்து தெரிந்ததை அவரைப்போல் இன்னொருவர் எழுத முடியாது. பூமணி நின்ற இடம் வேறு. ஒரே கிணற்றை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி. அதனால்தான் சொல்கிறேன், ஒரு எழுத்தாளரை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் எழுதிய எல்லாவற்றையும் படிப்பதைவிட, ஒரு மண்ணை எடுத்துக்கொண்டு அதில் வெவ்வேறு தெருவில் பிறந்தவர்களைப் படியுங்கள்.

பூமணியின் 'வெக்கை' (1982) பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, 2019-ல் 'அசுரன்' வந்த பிறகு எல்லோருக்கும் தெரியும். படம் பார்த்தாயிற்று, நாவல் எதற்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாவல் முழுக்க முழுக்க ஓடி ஒளிகிற அந்தச் சில நாட்கள்தான், பதினைந்து வயதுப் பையனும் அவன் அய்யாவும். எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தப் புதரில் படுக்கலாம், எங்கே அடுப்பு மூட்டினால் புகை தெரியாது என்று அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொண்டே போவான். கொலையைவிட அந்த நிலத்தை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற ஒருத்தன் அந்த நிலத்தில் இருக்க முடியாமல் ஓடுகிறானே என்பதுதான் எனக்கு வலித்தது. ஒரே மூச்சில் முடித்த புத்தகம் இந்த வருஷத்தில் இது ஒன்றுதான்.

சரி, இப்போது கையில் இருப்பது 'அஞ்ஞாடி'. பூமணிதான், 2012, க்ரியா வெளியீடு, ஆயிரம் பக்கத்துக்கு மேல். மூன்று மாதமாகப் படிக்கிறேன், பாதியைத் தாண்டிவிட்டேன். ஆண்டி, மாரி என்று இரண்டு சின்னப் பையன்கள், ஒருவன் பள்ளர் வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் வண்ணார் வீட்டுப் பிள்ளை, இணைபிரியாத சிநேகம். அங்கிருந்து கிளம்புகிற கதை தலைமுறை தலைமுறையாகப் போகிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வருகிறது, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் எல்லாம் வருகின்றன. அரசாங்க ஆவணத்தில் இருக்கிற சம்பவங்களையும் திண்ணைப் பேச்சையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்திருக்கிறார். சில இடத்தில் ஆவணம் கொஞ்சம் கனமாகிவிடுகிறது, அந்தப் பக்கங்களில் எனக்கு வேகம் குறைந்தது உண்மை. ஆனால் ஆண்டியும் மாரியும் கம்மாய்க்கரையில் பேசிக்கொண்டு இருந்தால் போதும், இன்னும் நூறு பக்கம் இருந்தாலும் படிப்பேன்.

இதை எப்படிப் படிக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பக்கம், அதற்கு மேல் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு முதல் பக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று குடும்பவாரியாக எழுதிக்கொண்டு வருகிறேன், இல்லாவிட்டால் நூறு பக்கத்திலேயே பெயர்கள் குழம்பிவிடும். நோட்டின் பின்பக்கத்திலிருந்து சொற்கள். நாங்கள் வரப்பு என்பதை அங்கே பொழி என்கிறார்கள். நாங்கள் பத்தாயம், குதிர் என்பதற்கு அங்கே குலுக்கை. கொத்தவரங்காய் அங்கே சீனியவரைக்காய், சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற எதுவும் வெஞ்சனம். தெரியாத சொல் வந்தால் கி.ரா. 1982-ல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்கு அகராதியைப் பார்ப்பேன். எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாத வேலையை ஒரு சம்சாரி, அந்தப் பக்கத்துப் பேச்சில் விவசாயி, தன் ஊர் ஆட்களைக் கேட்டுக் கேட்டுச் செய்த புத்தகம் அது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அரை மணி நேரம் போய்விடும். அதிலும் இல்லாத சொல்லுக்கு அத்தை இருக்கிறார். 'காடைக்கண்ணி' என்று ஒரு தானியம் வந்தது. அகராதியைத் தேடிக்கொண்டு இருந்தேன், அவர் எழுந்துபோய் உள்ளங்கையைக் குழித்து, இவ்வளவு இருக்கும், இப்படி உமி ஒட்டியிருக்கும், குத்துவதற்குள் தோள் போய்விடும், சோறாக ஆக்கினால் தனி ருசி என்று செய்து காட்டினார். கடைசியாக அதைச் சாப்பிட்டது கல்யாணத்துக்கு முன்னாடியாம்.

அடுத்து என்ன என்று கேட்டீர்கள் இல்லையா. கரிசலில் இன்னும் பாக்கி இருக்கிறது. சோ. தர்மனின் 'சூல்' மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன், 2016-ல் வந்தது, உருளைக்குடிக் கண்மாயையும் அதை நம்பியிருந்த ஜனங்களையும் பற்றிய நாவல். ஊர்க்காரர்களே கூடித் தூர்வாரிக் கரை கட்டிய குடிமராமத்து எப்படிப் போனது என்பதெல்லாம் அதில் இருக்கிறது, ஆற்றுப் பாசனக்காரனான நான் அவசியம் படிக்க வேண்டியது. அப்புறம் அவருடைய 'கூகை'. பா. செயப்பிரகாசத்தின் கதைகள், ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்', இரண்டும் முன்பு படித்தவைதான், இந்த வரிசையில் வைத்து மறுபடி படிக்க வேண்டும். எழுத்தாளர் கோணங்கியை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், அதற்கு வேறு மாதிரி பொறுமை வேண்டும், அஞ்ஞாடி முடித்த உடனே அதில் இறங்கினால் நியாயம் செய்ய முடியாது.

தை பிறந்த பிறகு கிழக்கே திரும்பலாம் என்று இருக்கிறேன். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி ஒன்றரை மணி நேரம், கம்பும் பருத்தியும் முடிந்து உப்பளம் ஆரம்பித்துவிடும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) முதலில், அது சின்ன நாவல், கடற்கரைக்குள் கால் வைக்க அதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. அடுத்து தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988), அதை முன்பு பாதியில் விட்டிருக்கிறேன், மலையாளம் கலந்த அந்தத் தமிழுக்கு அப்போது காது பழகியிருக்கவில்லை. இப்போது பழகும் என்ற தைரியம் வந்திருக்கிறது, கரிசலில் ஒரு வருஷம் இருந்ததன் பலன். அதற்குப் பிறகு ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004). இந்த மூன்றிலும்கூட அதே கணக்குதான் பார்த்திருக்கிறேன், ஒருவர் வெளியிலிருந்து வந்து மீனவர் தெருவைப் பார்த்தவர், ஒருவர் கடலோர முஸ்லிம் ஊருக்குள்ளேயே பிறந்தவர், ஒருவர் பரதவர் வீட்டுப் பிள்ளை.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் என்னைப் போல் ஒரு வருஷம் ஒதுக்க வேண்டும் என்று இல்லை. 'கதவு', 'அன்பளிப்பு', அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்', இந்த மூன்று கதையை ஒரு வாரத்தில் படிக்கலாம். பிடித்தால் 'கோபல்ல கிராம'மும் 'பிறகு'ம், இந்த வரிசையில், நடுவில் வேறு எதையும் நுழைக்காமல். 'அஞ்ஞாடி'யில் மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், நூறு பக்கத்தில் விட்டுவிட்டால் திரும்ப எடுக்க மாட்டீர்கள், அது பெரிய நஷ்டம். வட்டாரத் தமிழ் புரியவில்லை என்று தோன்றினால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரிந்துவிடும்.

போன சனிக்கிழமை 'அஞ்ஞாடி'யில் பஞ்சப் பகுதி வாசித்தேன். பாதியில் அத்தை தன் ஆத்தாளுக்கு அவள் பாட்டி சொன்னதாக ஒன்று சொன்னார்: "எறும்புப் புத்த வெட்டி, உள்ள அது சேத்து வச்சிருக்க தவசத்த அள்ளிக் கஞ்சி காச்சுனாகளாம். அள்ளிட்டு அதுக்கும் ஒரு பிடி விட்டுட்டுத்தான் மூடுவாகளாம்." நாங்கள் தாது வருஷத்துக்கும் இந்தத் திண்ணைக்கும் நடுவில் எத்தனை தலைமுறை என்று விரல் விட்டு எண்ணினோம், நாலைந்துக்குமேல் வரவில்லை. அதை நோட்டில் சொற்களுக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, மாரி பிழைத்துக்கொள்வானா என்று கேட்டார். இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை அத்தை, அடுத்த வாரம் வாசிக்கிறேன் என்றேன். வார நாளில் எனக்கான பத்துப் பக்கத்தையும் இந்த வாரம் படிக்காமல் வைத்திருக்கிறேன், அவரோடு சேர்ந்தே தெரிந்துகொள்ளலாம் என்று.